ஈகையும் போட்டியும்: கணனி உழைப்புத் தானம் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

பிறரை முந்தவேண்டும் என்ற எண்ணத்தோடு ஒருவன் கொடுப்பானாயின் அக்கொடை ஈகையாகுமா? இவ்வினா புதியதன்று. கோயில் மண்டபத்து ரியூப் லைற்றிலே உபயகாரரின் பெயர் வெளிச்சத்தை மறைக்குமளவுக்கு எழுதப்பட்டிருப்பதைக் கண்டு நகையாதார் நம்மில் மிகச் சிலரே. ஆயினும் அதன் கீழிருந்து தேவாரம் படிக்கும் சிறுவனுக்கு அவ்விளக்கு வெளிச்சம் தரவே செய்கின்றது. கொடுத்தவனின் உள்ளத்தை எண்ணி நகைப்பதா, கிடைத்த வெளிச்சத்தை எண்ணி நன்றி கூறுவதா என்பதில் ஒரு முடிவுக்கு வராமலே நாம் அவ்விடத்தைக் கடந்து போகின்றோம்.

அவ்வாறு எளிதிற் கடந்து போகமுடியாதபடி இவ்வினாவை நம்முன் நிறுத்தும் புதியதொரு களம் கடந்த முப்பது ஆண்டுகளுக்குள் உருவாகியுள்ளது. வீட்டிலே கணனி வைத்திருப்போர் பலர் தம் கணனியின் உழைப்பை இணையத்தின் வழியாக விஞ்ஞான ஆய்வுகளுக்கு இலவசமாக வழங்கி வருகின்றனர். வழங்குவதோடு அமையாது, யார் மிகுதியாக வழங்கினார் என்று தம்முட் போட்டியிட்டும் வருகின்றனர். இவர்கள் விஞ்ஞானத்தைத் தொழிலாகக் கொண்டவர்களல்லர். இதனைப் பொழுதுபோக்காகச் செய்பவர்கள். இங்கு ஒவ்வொரு கொடையும் எண்ணப்பட்டு, புள்ளியாக்கப்பட்டு, உலகறியப் பட்டியலிடப்படுகின்றது. எனவே ஈகைக்கும் போட்டிக்குமுள்ள உறவினை ஆராய்வதற்கு இதனினும் தெளிவான உதாரணம் கிடைப்பதரிது. அவ்வாராய்ச்சியே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கொடையின் இயல்பு

மிகப் பெரிய கணக்கீடொன்றைச் சிறு துண்டங்களாகப் பிரித்து, ஆயிரக்கணக்கான கணனிகளுக்குப் பகிர்ந்தளித்து, அவை தரும் விடைகளை ஒன்றுசேர்ப்பதே இம்முறையின் அடிப்படையாகும். 1996 இல் ஜோர்ஜ் வோல்ற்மன் என்பவர் தொடங்கிய மெர்சென் முதன்மை எண் தேடல் இதன் முன்னோடிகளுள் ஒன்று. அத்தேடலின் வழியாக 2024 ஒக்ரோபரில் அறியப்பட்ட முதன்மை எண் 4 கோடியே 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்களைக் கொண்டது. அதனைத் தேடிக் காண்பதற்குச் செலவான கணனி உழைப்பு ஒரு தனி மனிதனின் மேசைமீது அடங்கக்கூடியதன்று.

இம்முறையைப் பொதுமக்களிடையே பரப்பியது 'செற்றி அற் ஹோம்' என்னும் திட்டமாகும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்திலிருந்து 1999 மே 17 ஆம் நாள் இது தொடங்கப்பட்டது. புவேர்ட்டோ ரிக்கோத் தீவின் அரெசிபோ என்னுமிடத்திலிருந்த மாபெரும் வானொலித் தொலைகாட்டி பதிவுசெய்த அலைகளைத் துண்டு துண்டாக்கி வீட்டுக் கணனிகளுக்கு அனுப்பினர். கணனி சும்மா இருக்கும் வேளையில் அம்மென்பொருள் விழித்தெழுந்து, வேற்றுலக அறிவுயிர்கள் அனுப்பிய குறிகை ஏதேனும் அவ்வலைகளிடையே உண்டா என்று தேடும். ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் காலத்துக்குக் காலம் இதில் இணைந்தனர். இதன் வெற்றியைத் தொடர்ந்து, பல ஆய்வுத் திட்டங்களுக்கும் பொதுவான 'பொயிங்க்' என்னும் மென்பொருளையும் அதே குழுவினர் உருவாக்கினர்.

2000 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் விஜய் பாண்டே தொடங்கிய 'போல்டிங் அற் ஹோம்' வேறொரு துறையைச் சார்ந்தது. உடலிலுள்ள புரதங்கள் எவ்வாறு மடிந்து உருக்கொள்கின்றன, எவ்வாறு அசைகின்றன என்பதைக் கணக்கிட்டு நோய்களை விளங்கிக்கொள்வது அதன் நோக்கம். 2005 இல் தொடங்கிய 'ஐன்ஸ்டைன் அற் ஹோம்' வானியலைச் சார்ந்தது. 2010 இல் இத்திட்டத்தின் வழியாகப் புதிய துடிவிண்மீன் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு செக்கனில் ஏறத்தாழ 41 தடவை சுழலும் அவ்விண்மீனின் குறிகையைக் கண்டவை அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு தம்பதியினரின் வீட்டுக் கணனியும், ஜேர்மனியின் மைன்ஸ் நகரிலிருந்த மற்றொரு கணனியுமாகும். இவ்வாறு நோக்குமிடத்து, இக்கொடை வெறும் விளையாட்டுக் கொடையன்று. அதனால் அறிவுலகம் உண்மையாகவே பயன்பெற்றுள்ளது என்பது தெளிவாகும்.

2. போட்டியின் இயல்பு

இத்திட்டங்கள் கூலி கொடுப்பதில்லை. கூலிக்குப் பதிலாகப் புள்ளி கொடுக்கின்றன. பொயிங்க் முறையிலே புள்ளியின் அலகுக்குச் செற்றித் திட்டத்திற் பணியாற்றிய ஜெவ் கொப் என்பாரின் பெயரையொட்டிக் 'கொபிள்ஸ்ரோன்' என்று பெயரிட்டனர். தெருவிற் பாவிய கல்லுக்கும் ஆங்கிலத்தில் அதுவே பெயர். அப்பெயரிலுள்ள நகைச்சுவை பொருத்தமானதே. பெரும்பாலோருக்கு அப்புள்ளி ஒரு கல்லளவுகூடச் சந்தை மதிப்புடையதன்று. ஆயினும் அக்கற்களைக் குவிப்பதற்காக மனிதர் செய்தவை வியப்புக்குரியன.

ஓய்வு வேளையை மட்டும் கொடுக்கவேண்டும் என்று தொடங்கிய கொடை, விரைவிலே ஓய்வில்லாக் கொடையாயிற்று. சிலர் ஆய்வுக்கென்றே புதிய கணனிகளை வாங்கினர். விளையாட்டுக்கென விற்கப்படும் விலையுயர்ந்த கிராபிக்ஸ் அட்டைகளை நிரையாகப் பூட்டினர். மாரியில் அவற்றின் வெப்பத்தாலே அறையைச் சூடாக்கி, கோடையில் அவ்வெப்பம் தாங்காது நிறுத்தினர். தனியாட்கள் குழுக்களாயினர். நாட்டின் பெயராலும், பல்கலைக்கழகத்தின் பெயராலும், கணனிச் சஞ்சிகைகளின் பெயராலும் குழுக்கள் தோன்றின. 2010 இல் 'செற்றி ஜேர்மனி' என்னும் குழுவினர் ஐவகைப் போட்டிகள் அடங்கிய ஆண்டுப் பந்தயமொன்றைத் தொடங்கினர். பதினான்கு நாள்கள் நிகழும் அப்பந்தயத்தில் மரதன் ஓட்டம், நீச்சல் என்று மெய்வல்லுநர் போட்டிகளின் பெயர்களே சூட்டப்பட்டன. ஓடுவதும் நீந்துவதும் கணனிகளே.

இப்பந்தயத்திலே பழகிப்போன தந்திரம் ஒன்றுண்டு. அதனைப் போட்டியாளர் பதுங்குகுழி என்ற பொருள்படும் சொல்லாற் குறிப்பர். செய்து முடித்த கணக்குகளை உடனே ஆய்வாளருக்கு அனுப்பாது தம் கணனியிலேயே சேர்த்து வைத்துக்கொள்வர். எதிரணியினர் தம் பலத்தை அறியாதிருக்கச் செய்து, உரிய கணத்தில் அனைத்தையும் ஒருசேர அனுப்பி முன்னேறுவர். திட்டம் விதித்த கெடுவுக்குள் அனுப்பும்வரை இதில் விதிமீறல் எதுவுமில்லை. ஆனால் ஆய்வாளருக்காகச் செய்யப்பட்ட விடை, ஆய்வாளரைச் சேராமல் ஒரு வீட்டிற் காத்துக் கிடக்கின்றது. இச்சிறு செயலை நாம் மனத்தில் இருத்திக்கொள்ளல் வேண்டும். நம் வினாவின் விடை இதனையொட்டியே அமையவுள்ளது.

3. இருவேறு தீர்ப்புகள்

மேலைத்தேய அறவியலிலே இதுபற்றி இரு பெரும் தீர்ப்புகள் உள்ளன. இமானுவேல் காண்ட் 1785 இல் வெளியிட்ட ஒழுக்கவியல் பற்றிய நூலிலே, வாடிக்கையாளரை ஏமாற்றாத வணிகனை உதாரணமாகக் காட்டுகின்றார். வணிகம் செழிக்கவேண்டும் என்பதற்காக நேர்மையாக நடப்பவன் கடமைக்கு இணங்க நடக்கின்றானேயன்றிக் கடமைக்காக நடக்கவில்லை என்பது அவர் கருத்து. புகழ்விருப்பம் பற்றியும் அவர் அதே இடத்திற் பேசுகின்றார். அது தற்செயலாகப் பொதுநன்மையோடு பொருந்துமாயின் பாராட்டுக்கும் ஊக்கத்துக்கும் உரியது. ஆயினும் உயர்ந்த மதிப்புக்கு உரியதன்று என்கின்றார். இவ்வளவுகோலின்படி, தரவரிசையில் ஏறுவதற்காகத் தன் கணனியை இயக்குபவன் பாராட்டத்தக்கவன், அறத்தான் அல்லன்.

ஜோன் ஸ்ருவேட் மில்லின் தீர்ப்பு வேறானது. 1861 இல் வெளியான பயன்பாட்டுவாதம் பற்றிய எழுத்திலே, நீரில் மூழ்குபவனைக் காப்பவன் கடமை கருதிக் காப்பினும் கூலி கருதிக் காப்பினும் சரியானதையே செய்கின்றான் என்று அவர் கூறுகின்றார். உள்நோக்கம் செய்தவனின் தரத்தை அறியப் பெரிதும் உதவும். செயலின் சரிபிழையை அது நிர்ணயிக்காது. இதன்படி புரதக் கணக்கு முடிந்ததா என்பதே கேள்வி. அதனை முடித்தவன் மனத்தில் எந்தப் பட்டியல் இருந்தது என்பதன்று.

நம் மரபிலும் இவ்விரு குரல்களும் உள்ளன. மழைக்கு உலகம் கைம்மாறு செய்வதில்லை; அதுபோன்றதே ஒப்புரவு என்பது வள்ளுவர் கருத்து. ஆய் அண்டிரனைப் பாடிய புறநானூற்றுப் புலவரோ, மறுமைப் பயனை எதிர்பார்த்து இம்மையில் அறத்தை விலைபேசும் வாணிகன் அவன் அல்லன் என்ற கருத்துப்படப் பாடினார். ஆனால் அதே புறநானூற்றுச் சமுதாயத்திலே வள்ளலின் கொடை பாணராலும் புலவராலும் பாடப்பட்டது, ஒருவன் கொடை மற்றொருவன் கொடையோடு ஒப்பிடப்பட்டது, கொடாதவன் பழிக்கப்பட்டான். பாடல் அன்றைய பட்டியல் எனின் அது மிகையாகாது. பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1925 இல் வெளியிட்ட கொடை பற்றிய கட்டுரையில், வட அமெரிக்காவின் வடமேற்குக் கரையோரக் குடிகளின் தலைவர்கள் விழாக்களிலே ஒருவரையொருவர் விஞ்சக் கொடுத்ததையும், தம் செல்வத்தைத் தாமே அழித்ததையும் விரித்துரைத்தார். போட்டி கலவாத தூய கொடை மனித சமுதாயத்தின் தொடக்கத்தில் இருந்ததென்றும், பிற்காலத்திலேயே அது மாசுற்றதென்றும் கொள்வதற்கு வரலாறு இடந்தரவில்லை.

எனவே போட்டி கலந்தமையாலேயே ஈகை பொய்யாகிவிடும் என்று கூறுதல் பொருந்தாது. அவ்வாறே, பயன் கிடைத்தால் உள்ளம் எவ்வாறிருப்பினும் ஆகுக என்று விட்டுவிடுதலும் பொருந்தாது. இரண்டாவது கூற்றின் குறைபாட்டை நான் நூல்களிலிருந்தல்ல, என்னிடமிருந்தே அறிந்துகொண்டேன்.

4. ஓர் அனுபவம்

2020 ஆம் ஆண்டின் ஊரடங்குக் காலத்தில் நான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். கொரோனா வைரசின் புரதங்களை ஆராய்வதற்குப் போல்டிங் அற் ஹோம் உலக மக்களின் உதவியை நாடிய காலம் அது. அண்ணா வேலைக்குப் போனபோது விட்டுச்சென்ற பழைய மடிக்கணனியில் அம்மென்பொருளை நிறுவி, நண்பன் ஒருவன் சேர்ந்திருந்த குழுவிலே நானும் சேர்ந்தேன். உலகமே வீட்டுக்குள் முடங்கியிருக்க, ஏதோ ஒரு பொதுப் பணியில் எனக்கும் பங்குண்டு என்ற மனநிறைவு முதல் நாளில் இருந்தது. கலைப்பிரிவு மாணவனாகிய நான் புரதம் என்றால் என்ன, அது ஏன் மடிகின்றது என்று தேடிப் படித்ததும் அப்போதுதான். இரண்டாம் வாரத்தில் அப்படிப்பு நின்றுவிட்டது. காலையில் எழுந்ததும் நான் பார்த்தது எனது நிலையும் நண்பனின் நிலையுமே.

அக்காலத்தில் அத்திட்டத்துக்கு உதவ முன்வந்தோரின் தொகை சில பத்தாயிரங்களிலிருந்து பல இலட்சங்களாகப் பெருகியது. 2020 ஏப்ரலில் அக்கணனிகளின் கூட்டு வேகம், அன்று உலகில் முதலிடம் வகித்த தனிக் கணனியின் வேகத்தையும் விஞ்சிற்று. அவ்வளவு பேருக்கும் பகிர்ந்தளிக்கக் கணக்குத் துண்டங்கள் போதவில்லை. அவற்றை வழங்கும் நிலையங்கள் திணறின. என் மடிக்கணனி மணிக்கணக்காக வேலையின்றிக் காத்திருந்தது. அப்போது எனக்கு வந்தது மகிழ்ச்சியன்று, கோபம். நண்பனின் கணனிக்கு மட்டும் வேலை கிடைத்துவிட்டதே என்பது அக்கோபத்தின் காரணம். எனக்குக் கொடுக்க வேலையில்லாதபடி உலகம் திரண்டு உதவிக்கு வந்துவிட்டது என்பது, நான் உண்மையாகவே நோயாளர் பொருட்டுக் கொடுத்தவனாயின், எனக்கு நற்செய்தியாக இருந்திருக்க வேண்டும்.

அன்றிரவு வேலை கிடைக்கும்வரை கணனியை நிறுத்தாது விட்டிருந்தேன். நடு இரவில் எழுந்த அம்மா, "ஆருக்காகத் தம்பி இது இரவிரவா ஓடுது?" என்று கேட்டார். மின்கட்டணத்தை எண்ணிக் கேட்ட கேள்விதான் அது. "கொரோனா ஆராய்ச்சிக்கு அம்மா" என்று நான் உடனே கூறிய மறுமொழி பொய்யன்று. ஆனால் அது முழு உண்மையுமன்று என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

5. உரைகல்

மேற்கூறிய அனுபவத்திலிருந்து ஓர் உரைகல்லைப் பெறலாம் என்று கருதுகின்றேன். கொடுப்பவனின் உள்ளத்தைப் பிறர் காணமுடியாது. பல வேளைகளில் அவனுமே காணமுடியாது. புள்ளியும் தேவையும் ஒரே திசையிற் செல்லும்வரை, அவன் எதனைப் பின்பற்றிச் செல்கின்றான் என்பதை அறிய வழியில்லை. இரண்டும் பிரியும் சந்தியிலேதான் அது வெளிப்படுகின்றது. தன் கொடை தேவைப்படாதபோதும், தன்னினும் நன்றாக மற்றொருவன் அத்தேவையை நிறைவுசெய்தபோதும், கொடுப்பவன் மகிழ்வானாயின் அவன் கொடை ஈகை. வருந்துவானாயின், அவன் கொடுத்த பொருள் பயனுடையதாயினும், கொடையில் ஒரு பகுதியை அவன் தனக்கே கொடுத்துக்கொண்டான் என்றே கொள்ளல் வேண்டும்.

இவ்வுரைகல்லிலே பதுங்குகுழித் தந்திரத்தை உரைத்துப் பார்ப்போம். விடையை உடனே அனுப்பினால் தேவை நிறைவேறும். பிடித்து வைத்தால் பந்தயம் வெல்லும். இங்கு சந்தி வந்துவிட்டது. வானொலி அலைகளையோ முதன்மை எண்களையோ ஆராயும் திட்டத்திற் சில நாள் தாமதத்தால் எவருக்கும் தீங்கில்லை என்று போட்டியாளர் கூறலாம். அது பெரும்பாலும் உண்மையே. ஆயினும் தாமதத்தின் அளவை நிர்ணயிக்க வேண்டியவர் பெறுபவரேயன்றிக் கொடுப்பவரல்லர். பசித்தவன் முன்னே சோற்றை வைத்துக்கொண்டு, அயலவன் எவ்வளவு கொடுக்கின்றான் என்று பார்த்த பின்னர் பரிமாறுபவன், சோறு ஆறுமுன்னே பரிமாறிவிட்டேன் என்று கூறுவது போன்றதே அந்த வாதம்.

இதனினும் தெளிவான சந்திகளும் இவ்வரலாற்றில் உண்டு. செற்றித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் சிலர் மென்பொருளை மாற்றியமைத்து, செய்யாத கணக்கைச் செய்ததாகக் காட்டிப் புள்ளி பெற முயன்றனர். வேற்றுலக உயிரைத் தேடுவதற்கென வந்தவர், தேடாமலே தேடியதாகப் பெயர் பெற விரும்பியமை புள்ளி தேவையை முற்றாக விழுங்கிவிட்டதற்குச் சான்றாகும். வேறு சிலர் தாம் பணிபுரிந்த நிறுவனங்களின் கணனிகளிலே உரிய அனுமதியின்றி அம்மென்பொருளை நிறுவினர். அமெரிக்காவில் அவ்வாறான செயல் நீதிமன்ற வழக்காகிய சந்தர்ப்பமும் உண்டு. பிறர் பொருளை எடுத்துத் தன் பெயரில் தானஞ் செய்வது ஈகையாகாது என்பதற்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை.

6. புள்ளியை வகுப்போரின் பொறுப்பு

போட்டியாளரை மட்டும் குறைகூறி அமைவது நீதியாகாது. புள்ளி என்பது இயற்கையில் விளைந்த பொருளன்று. பெறுபவராகிய ஆய்வாளர் வகுத்த பொருள். புள்ளிக்காக மக்கள் எதையெல்லாம் செய்வார்கள் என்பதை அறிந்து அதனை வகுக்கும் கடமை அவர்களுக்குண்டு.

இக்கடமையை அவர்கள் ஓரளவு நிறைவேற்றியுமுள்ளனர். ஒரே துண்டத்தை ஒன்றுக்கு மேற்பட்ட கணனிகளுக்கு அனுப்பி, விடைகள் ஒத்துப்போனால் மட்டுமே புள்ளி வழங்கும் முறை பொய்க் கணக்கைப் பெரிதும் தடுத்தது. போல்டிங் அற் ஹோம் திட்டத்திலே ஒரு துண்டத்தின் விடை வந்த பின்னரே அதனைத் தொடரும் அடுத்த துண்டத்தைக் கணக்கிடலாம். எனவே தாமதம் அங்கு உண்மையான இழப்பு. அதனை உணர்ந்து, விடையை விரைவாகத் திருப்பியனுப்புவோருக்கு மேலதிகப் புள்ளி வழங்கும் முறையை அவர்கள் ஏற்படுத்தினர். அங்கே பதுக்குபவன் தன் புள்ளியையே இழக்கின்றான். புள்ளியும் தேவையும் பிரியும் சந்தி அங்கு ஒடுக்கப்பட்டுவிட்டது. மனிதரின் உள்ளத்தைத் திருத்த முடியாதவிடத்தும் கணக்கைத் திருத்த முடியும் என்பதற்கு இது நல்ல உதாரணமாகும்.

ஆயினும் எந்தக் கணக்காலும் அளக்க முடியாதவை இரண்டுண்டு. முதலாவது, கொடுத்தவனின் பங்கு. ஏழை விதவை காணிக்கைப் பெட்டியிலிட்ட இரு காசுகளே எல்லாவற்றிலும் பெரிய காணிக்கை என்று விவிலியம் கூறும் கதையை யாவரும் அறிவர். பட்டியல் அக்கதையை அறியாது. பத்துக் கிராபிக்ஸ் அட்டை வைத்திருப்பவன் ஒரு நாளிற் பெறும் புள்ளியைப் பழைய மடிக்கணனி வைத்திருப்பவன் பல ஆண்டுகளிலும் பெறான். பட்டியல் அளப்பது பொருளின் அளவை. நாமோ அதனை மனத்தின் அளவாகப் பிழைபட வாசிக்கின்றோம்.

இரண்டாவது, கொடையின் விலையை இறுதியில் யார் செலுத்துகின்றார் என்பது. இத்தானம் தொடங்கிய காலத்தில், சும்மா கிடக்கும் கணனியின் ஆற்றல் எவருக்கும் பயனின்றி வீணாகின்றது. அதனைக் கொடுப்பதால் கொடுப்பவனுக்கு இழப்பில்லை என்ற எண்ணம் பரவியிருந்தது. இன்றைய கணனிகள் ஓய்விலிருக்கும்போது மின்நுகர்வைப் பெரிதும் குறைத்துக்கொள்வன; உழைக்கும்போதே மின்னை மிகுதியாக உண்பன. 300 வாற்று மின்னை உண்ணும் கணனியொன்று நாள் முழுதும் இயங்கினால் 7.2 அலகும், முப்பது நாள்களில் 216 அலகும் செலவாகும். அம்மின்னை ஆக்குவதற்கு எங்கோ நிலக்கரியோ எண்ணெயோ எரிக்கப்பட்டால் அதன் புகைக்கு எந்தப் பட்டியலிலும் கழித்தற் புள்ளி இடப்படுவதில்லை. 2022 மார்ச்சின் இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்வெட்டு நிலவியபோது, விளக்கின் முன்னிருந்து படித்த நமக்கு 'வீணாகும் ஆற்றல்' என்ற சொற்றொடரே அந்நியமாகத் தோன்றியது. வீணாகப் போவது என்று எண்ணிக் கொடுக்கப்படும் பொருள்களுட் பல, உண்மையில் எவரோ ஒருவரின் பங்கிலிருந்து எடுக்கப்படுபவையே. இதனால் இத்தானம் தவறு என்று நான் கூறவரவில்லை. தனக்கு எவ்வித இழப்புமில்லை என்று கொடுப்பவன் நம்பும் கொடையிலே, இழப்பு யாரைச் சென்று சேர்கின்றது என்று கேட்பதும் ஈகையின் ஒரு பகுதி என்றே கூறுகின்றேன்.

7. ஒரு மறுப்பும் அதன் விடையும்

இவ்விடத்து ஒரு மறுப்பு எழுதல் கூடும். போட்டி இல்லையேல் இத்தனை பேர் வந்திருக்கமாட்டார்கள், வந்தவரும் நிலைத்திருக்கமாட்டார்கள். உள்ளத் தூய்மையை வற்புறுத்தினால் நோயாளிக்கும் விஞ்ஞானத்துக்கும் கிடைக்கவேண்டியது கிடைக்காது போகும். தூய எண்ணமுடைய நூறு பேரினும், தரவரிசையை நாடும் இலட்சம் பேர் உலகுக்குப் பயன்படுவர் அல்லவா?

இம்மறுப்பில் உண்மையுண்டு. அதனாலேயே போட்டியை ஒழிக்கவேண்டும் என்று இக்கட்டுரை கூறவில்லை. ஒன்றைமட்டும் நினைவிற்கொள்ளல் வேண்டும். ரிச்சர்ட் ரிற்மஸ் 1970 இல் வெளியிட்ட இரத்ததானம் பற்றிய நூலிலே, பிரித்தானியாவின் விலையில்லாக் கொடையையும் அமெரிக்காவின் விலைகொடுத்துப் பெறும் முறையையும் ஒப்பிட்டு, விலை புகுந்தவிடத்தில் நோயுள்ளவன் தன் நோயை மறைப்பதற்குக் காரணம் ஏற்பட்டுவிடுகின்றது என்று வாதிட்டார். அவர் சுட்டிய ஆபத்து விலைக்கு மட்டும் உரியதன்று. புகழ், புள்ளி, தரவரிசை எதுவாயினும், அது கொடையின் நோக்கத்திலிருந்து பிரிந்து தனியே மதிப்புப் பெறும்போது, மறைப்பதற்கும் பதுக்குவதற்கும் பொய் கூறுவதற்கும் காரணம் தோன்றிவிடும். உள்ளத்தைப் பற்றிய கேள்வி இவ்வாறு பயனைப் பற்றிய கேள்வியாகவே மீண்டும் வந்து நிற்கின்றது. மில்லின் நெறியைப் பின்பற்றுபவரும் காண்டின் கேள்வியை முற்றாகப் புறக்கணிக்க முடியாதிருப்பதன் காரணம் இதுவே.

மேலும், மனிதரின் நோக்கம் ஒருமுறை அமைந்து மாறாதிருப்பதன்று. நற்செயலைப் பலகாற் செய்து பழகுவதாலேயே நற்பண்பு உண்டாகின்றது என்பது அரிஸ்ரோட்டில் கொண்ட கருத்து. புள்ளியை நாடி வந்தவன், தன் கணனி எதனைக் கணக்கிடுகின்றது என்று ஒருநாள் படித்துப் பார்க்கலாம். படித்தபின் அதனை விரும்பலாம். தேவையை நாடி வந்தவன், என்னைப்போல், இரண்டு வாரத்தில் பட்டியலுக்கு அடிமையாகவும் ஆகலாம். கதவு இரு புறமும் திறக்கின்றது. ஆதலால் ஒருவன் எதற்காக வந்தான் என்பதனினும், வந்தபின் எத்திசையிற் சென்றுகொண்டிருக்கின்றான் என்பதே கேட்கத்தக்கது.

8. முடிவாக

2020 மார்ச் 31 ஆம் நாள், இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடைபெற்ற செற்றி அற் ஹோம் புதிய துண்டங்களை வழங்குவதை நிறுத்திக்கொண்டது. பகிர்ந்தளிக்க வேண்டிய கணக்கு பெரும்பாலும் முடிந்துவிட்டது. இனி விடைகளைத் தொகுத்து ஆராய்வதே பணி என்று அதனை நடத்தியோர் அறிவித்தனர். அவ்வாண்டு டிசம்பர் 1 ஆம் நாள், அவ்வலைகளைப் பதிவுசெய்த அரெசிபோத் தொலைகாட்டியும் இடிந்து வீழ்ந்தது. அந்த ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தேடிய வேற்றுலகக் குறிகை அன்றுவரை உறுதிசெய்யப்பட்டிருக்கவில்லை. அவர்கள் குவித்த புள்ளிகளுக்குப் புதிதாகச் சேரப் புள்ளியும் இல்லை; முந்துவதற்கு எதிரியும் இல்லை.

அந்நாளில் ஒவ்வொரு கொடையாளியும் தன் உரைகல்லைத் தானே கையிற் பெற்றான் எனலாம். இனி என் பட்டியல் வளராது என்று வருந்தியவர் இருந்திருப்பர். வேலை முடிந்தது என்று கூறி, அதே கணனியைப் புரத ஆய்வுத் திட்டங்களுக்குத் திருப்பி, அங்கே பட்டியலின் அடியிலிருந்து மீண்டும் தொடங்கியவரும் இருந்தனர். முன்னவரும் பின்னவரும் அதுவரை செய்த கணக்குகளிடையே எவ்வித வேறுபாடும் இல்லை. பேர்க்லியிலிருந்த ஆய்வாளருக்கு இரண்டும் ஒன்றே. வேறுபாடு அந்த நாளுக்குப் பின்னரே தெரியவந்தது.

என் அண்ணாவின் மடிக்கணனி அடுத்த ஆண்டே பழுதாகிவிட்டது. அதுவரையும் அதனை மாலையில் மட்டும், அம்மாவிடம் சொல்லிவிட்டு இயக்கினேன். என் நண்பன் என்னை வெகுதூரம் முந்திச் சென்றான். 2023 நவம்பரில், அத்திட்டத்தின் கணக்குகளும் உதவிய கொரோனா மருந்துத் தேடலொன்றின் பெறுபேறுகள் விஞ்ஞானச் சஞ்சிகையொன்றில் வெளிவந்ததை அவனே எனக்கு அறிவித்தான். அதில் எங்கள் இருவர் கணனிகளின் பங்கு உண்டா, உண்டெனில் எவ்வளவு என்பதை நாங்கள் அறியோம். அச்செய்தியை வாசித்தபோது அவனுடைய புள்ளி எத்தனை என்று கேட்கவேண்டும் என்ற எண்ணம் எனக்கு எழவில்லை. அம்மா அன்று கேட்ட கேள்விக்கு, மூன்றரை ஆண்டுகள் கழித்தேனும், நான் சொன்ன மறுமொழி முழு உண்மையாயிற்று என்று எண்ணிக்கொண்டேன்.